சீதா அக்கா போட்ட மார்க்

எங்கள் வார்டு சீதாலெட்சுமி அக்காவுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது பரீட்சையில் தோற்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. எப்படியாவது அந்த ஆளைப் பாஸ் பண்ண வைத்துவிட வேண்டும். அது யாருடைய பரீட்சை, என்ன பரீட்சை, இவரை யார் கூப்பிட்டார்கள் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

முதலில் மாட்டியவர் அவருடைய வீட்டுக்காரர் விஜயன் அண்ணன்தான். கிள்ளானில் டயர் கடை வைத்திருப்பவர். ஊருக்கெல்லாம் டயர் மாட்டுவார், ஆனால் லைசென்ஸ் டெஸ்டில் மேட்டில் நிறுத்தும்போது மட்டும் கார் பின்னால் உருண்டுவிடும். பெயிலாகிக்கொண்டே இருந்தார். அடுத்த முறை அக்கா லீவு போட்டுவிட்டுப் போய், வேலியோரம் நின்றுகொண்டு, இரண்டு கையாலும் 'பிடி, விடு, பிடி' என்று சைகை காட்டியிருக்கிறார். யார் அந்த அம்மா என்று ஆபீசர் கேட்க, "தெரியாது சார்" என்றாராம் அண்ணன். அதற்கு வீட்டில் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. ஆனால் பாஸ்.

நான் ரமணி. அக்காவோடு ஒரே வார்டு, கிள்ளானிலிருந்து ஒரே கொமுட்டர் ரயில். கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி என்று மட்டும் சொல்கிறேன். பேரைக் கேட்காதீர்கள், எனக்கு இன்னும் பென்சன் வரவேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம். அக்காவுக்குக் கோபமே வராது. அதைப் பார்த்தாலே எனக்கு இன்னும் கோபம் வரும்.

எங்கள் வார்டுக்குப் பயிற்சிக்கு வந்த எந்த மாணவியும் இதுவரை பெயிலானதில்லை. காரணம் நாங்கள் நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறோம் என்று மேலிடத்தில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில், பரீட்சைக்கு முன்னால் அக்கா நோயாளிகளைத் தயார் பண்ணிவிடுவார். விஷ்ணுப்ரியா என்று ஒரு பூச்சோங் பெண், ஊசியைப் பார்த்தாலே அவளுக்குத்தான் முதலில் மயக்கம் வரும். அவள் பரீட்சை அன்று கட்டிலில் படுத்திருந்த அங்கிளிடம், "பாவம் புள்ள, கொஞ்சம் பாத்துக்குங்க" என்று அக்கா சொல்லி வைத்திருக்கிறார். அந்த மனுஷன் விடுவாரா? விஷ்ணுப்ரியா மருந்துத் தட்டோடு வந்து வாயைத் திறப்பதற்குள், "மிஸ்ஸி, மொதல்ல என் பேரக் கேக்கணும்! எனக்கு எறால் ஒத்துக்காது, அதையும் கேக்கணும்! கைய கழுவிட்டீங்களா?" என்று அடுக்கிவிட்டார். பரீட்சை எடுக்க வந்த அம்மாள் ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். பாஸ்.

அந்த விஷ்ணுப்ரியாதான் போன வருடம் திரும்பி வந்தாள். இப்போது அவள் நர்சிங் காலேஜில் லெக்சரர், டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். கையில் ஒரு கட்டுக் கேள்வித்தாள். நாங்கள் டீ குடிக்கிற பேன்ட்ரியில் எங்களுக்கெல்லாம் கறிபப் பலகாரம் வாங்கி வைத்துவிட்டு விளக்கினாள்.

"நர்ஸுக்கு எது சரின்னு தெரியும். ஆனா செய்ய விடமாட்டாங்க. ஆள் பத்தாது, மேலேருந்து ஆர்டர் வரும், இல்லன்னா குடும்பம் வேணாங்கும். அப்ப மனசு அறுக்கும்ல அக்கா? அத அளக்குற கேள்வித்தாள் இது. வெளிநாட்டுல செஞ்சத மலாய்ல மாத்திருக்கோம். நம்ம ஊரு நர்ஸுங்க மனச இது உண்மையிலேயே சரியா அளக்குதா இல்லையான்னு பாக்குறதுதான் என் வேலை."

ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் இரண்டு கட்டம். இந்த மாதிரி உங்களுக்கு எத்தனை தடவை நடந்திருக்கிறது என்று ஒன்று, அது உங்களை எவ்வளவு வாட்டியது என்று ஒன்று. சைபரிலிருந்து நாலு வரை எண் போட வேண்டும். பேர் எழுதத் தேவையில்லை, ஆளுக்கு ஒரு நம்பர். இரண்டு வாரம் கழித்து அதே ஆட்கள் மறுபடியும் எழுத வேண்டும். இரண்டு தடவையும் பதில் ஒத்துப்போனால்தான் கேள்வித்தாளை நம்பலாமாம்.

போகும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று சொன்னாள். "வேற ஆஸ்பத்திரியில பாதி தாள வெறுமனே திருப்பிக் குடுத்துட்டாங்க அக்கா. படிப்பு லீவு முடியப் போவுது. இங்கயும் சரியா வரலன்னா என் படிப்பு அவ்ளோதான். உங்கள நம்பித்தான் வந்தேன்."

போதாதா? அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் எந்தத் தாளிலும் சைபர்தான் நல்ல மார்க். நோயாளி கட்டிலிலிருந்து விழுந்தது, சைபர். மருந்து மாறியது, சைபர். புகார், சைபர். மாதக் கடைசியில் எல்லாம் சைபரென்றால் மேட்ரன் வந்து கை குலுக்குவார், வார்டுக்கு ஒரு கேக் வரும். சைபர் இல்லாவிட்டால் விளக்கக் கடிதம் வரும். இத்தனை வருடம் கேக் தின்று பழகிய எங்களிடம் வந்து சைபர் முதல் நாலு வரை என்றால், நாங்கள் என்ன செய்வோம்?

"புள்ள பாஸ் பண்ணணும்" என்றார் அக்கா. "எல்லாரும் சைபர் போடுங்க."

எனக்கு அந்த வாரம் டூட்டி ரோஸ்டரில் மூன்று ராத்திரி ஷிப்டு சேர்த்துப் போட்டிருந்தார்கள். நான் கொதித்துக்கொண்டிருந்தேன். "எல்லாத்துக்கும் நாலுதான் போடுவேன், ஒரு கை பாக்குறேன்" என்று குத்திக் குத்தி எழுதினேன். அக்கா என் தாளை எடுத்து, வெள்ளை மை பூசி, ஊதிக் காயவைத்து, அழகாக வரிசையாகச் சைபர் போட்டுக் கொடுத்தார். ரம்லத் என்று ஒரு நர்ஸ், எங்களில் இளையவள், கடைசியில் 'மிகவும் நல்ல கேள்விகள், வாழ்த்துகள்' என்று எழுதி ஒரு சிரித்த முகமும் வரைந்தாள்.

இரண்டு வாரம் கழித்து விஷ்ணுப்ரியா வந்தபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா... முப்பது பேரும் சைபரா? இது ஆஸ்பத்திரியா, சொர்க்கமா?"

அக்காவிடம் இதற்குமேல் பேச அவளுக்கு வாய் வரவில்லை. ஊசி போடக் கற்றுத்தந்த கை ஆயிற்றே. "மறுபடியும் எழுதுறப்ப கொஞ்சம் யோசிச்சு எழுதச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் அக்கா மார்பில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, சைபர் போட்டு புள்ளைய கவுத்துட்டமே! இந்தத் தாளுக்கு நாலுதான் நல்ல மார்க்கு போல."

எல்லாரும் நாலு. இந்த முறை எனக்கு வெள்ளை மை தேவைப்படவில்லை. ஆனால் பாருங்கள், ஊரே நாலு போடும்போது நாலு போடுவதில் எனக்கு ஒரு சுகமும் இல்லை.

அதைப் பார்த்துவிட்டு விஷ்ணுப்ரியா போனில் அழாக்குறையாகப் பேசினாள். பேராசிரியர் இரண்டு கட்டுத் தாளையும் மேசையில் போட்டு, இது என்ன விளையாட்டு என்று கேட்டாராம். கடைசியாக ஒரு வாய்ப்புத் தந்திருக்கிறாராம். "எல்லாரும் ஒரே மாதிரி போட்டா ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாதுக்கா. ஆளுக்கு ஆள் வித்தியாசப்படணும்" என்றாள்.

"இத மொதல்லியே சொல்லக்கூடாதா?" என்றார் அக்கா.

அன்று மாலையே பேன்ட்ரி சுவரில் ஒரு ரோஸ்டர் ஏறியது. காலை ஷிப்டுக்கு ஒன்றும் இரண்டும், மாலைக்கு மூன்று, ராத்திரிக்கு நாலு. ராத்திரிக்காரர்களுக்குக் கஷ்டம் அதிகம் என்று அக்கா நியாயமாகத்தான் பிரித்திருந்தார். மெடிக்கல் லீவில் இருப்பவர்களுக்குச் சைபர். நான் தலையில் அடித்துக்கொண்டேன். "அக்கா, இது அவங்கவங்க மனசு. இத போயி ரோஸ்டர் போடுவாங்களா?" என்றேன். "நீ சும்மா இரு லா ரமணி. உனக்கு ரெண்டு. மறந்துறாத" என்றார்.

புதுத் தாள்களோடு விஷ்ணுப்ரியா வந்து நின்ற நேரத்தில், ரம்லத் நேராக அவளிடமே போய்க் கேட்டாள். "மிஸ், இன்னிக்கி எனக்கு மூணு. ஆனா நாளைக்கி ஷிப்டு மாத்திருக்காங்க. பழைய நம்பரே போடவா, இல்ல புது நம்பரா?"

விஷ்ணுப்ரியா மெதுவாகத் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். படித்தாள். பிறகு பேன்ட்ரி நாற்காலியில் உட்கார்ந்து, கறிபப் பெட்டியின் மேல் தலையை வைத்து அழுதாள்.

அக்கா பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் வாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தாளை எடுத்து, ஒரு கேள்வியைச் சத்தமாகப் படித்தாள். "உண்மை இல்லை என்று தெரிந்தும், மற்றவர் சொன்னதற்காக ஒரு தாளில் எழுத வேண்டி வந்தது. எத்தனை தடவை?" பிறகு எங்களைப் பார்த்தாள். "மொத தடவ இதுக்கு முப்பது பேரும் சைபர் போட்டிருக்கீங்க. யாரோ சொன்னாங்கன்னு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்கா முறைத்ததால் இருமலாக்கிக்கொண்டேன்.

"அக்கா, ஒரு பேஷண்டுக்குக் காய்ச்சல் நாப்பது. பாவம்னு முப்பத்தேழுன்னு எழுதுவீங்களா?"

"சேச்சே! என்னா பேசுற நீ? அது செத்துப் போயிருமே!"

"இதுவும் அதுதாங்க்கா. தெர்மாமீட்டர் சரியா வேல செய்யுதான்னு பாக்க வந்திருக்கேன். எல்லாரும் அத தண்ணியில முக்கி முக்கிக் குடுக்குறீங்க. அன்னிக்கி அந்த அங்கிள் சொல்லிச் சொல்லி நான் பாஸ் பண்ணினது போதும். இன்னிவரைக்கும் ஊசி எடுத்தா எனக்கு அதான் ஞாபகம் வருது. எனக்கு மார்க்கு வேணாங்க்கா. உங்களுக்கு எங்க வலிக்குதுன்னு சொல்லுங்க, போதும்."

அக்கா எழுந்து போய்ச் சுவரிலிருந்த ரோஸ்டரைக் கிழித்தார். "அவங்கவங்க தனியா ஒக்காந்து எழுதுங்க. யாரும் யாரையும் பாக்காதீங்க" என்றார். பிறகு, "என்னையும் பாக்காதீங்க" என்றார்.

அக்காவிடம் விஷ்ணுப்ரியா கூடுதலாக ஒன்று கேட்டாள். கேள்விகள் சரியாகப் புரிகின்றனவா என்று பார்க்க, ஒருவர் படிக்கும்போது மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். வாய்விட்டுச் சொல்ல எங்கள் அக்காவை விட்டால் ஆள் ஏது? காலை ஷிப்டு முடிந்து பிரிக்பீல்ட்ஸில் ஸ்டேஷன் பக்கத்து வாழையிலைக் கடையில் மூவரும் உட்கார்ந்தோம். துணைக்கு நான். என் தாளை எழுதி முடித்திருந்தேன். எல்லாத்துக்கும் நாலு என்று குதித்தவள், உண்மையாக எண்ணிப் பார்த்தபோது பல இடத்தில் இரண்டுக்கு மேல் வரவில்லை. அந்தக் கடுப்பில் இருந்தேன்.

அக்கா முதல் கேள்வியைப் படித்தார். "ஆள் பத்தாததால் நோயாளியைச் சரியாகக் கவனிக்க முடியாமல் போனது... ஆமா, போன வெள்ளிக்கெழம ரெண்டே பேரு. அன்னிக்கித்தான் வீட்டுல மீனு வாங்கி வச்சிருந்தேன், இவரு ஃபிரிஜ்ஜுல வைக்காம விட்டுட்டாரு, பூன தின்னுருச்சி..." விஷ்ணுப்ரியா பூனையையும் ரெக்கார்ட் பண்ணிக்கொண்டாள். இப்படியே டாக்டர் கையெழுத்து, மேட்ரனின் புதுக் கார், அக்காவுடைய மகளின் ஷா ஆலம் வேலை எல்லாம் வந்து போயின. இரண்டு தே தாரிக் டீ முடிந்தது. மூன்றாவது வந்தபோது அக்கா ஒரு கேள்வியில் நின்றார்.

"குடும்பத்தினர் கேட்டுக்கொண்டதால் நோயாளியிடம் உண்மையை மறைத்தது."

நின்றவர் நின்றவர்தான்.

"மனசுல ஓடுறத சொல்லுங்கக்கா" என்றாள் விஷ்ணுப்ரியா.

"ஆடு" என்றார் அக்கா.

எனக்குப் புரிந்துவிட்டது. திருச்செல்வம் அண்ணன். முன்பு எங்கள் வார்டில் படுத்திருந்தவர், ரவாங்கில் லோரி ஓட்டியவர், கல்லீரலில் புற்று. லிஃப்ட் பக்கத்தில் அவர் சம்சாரம் மலர், சீதா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவருகிட்ட சொல்லிராதீங்க மிஸ்ஸி, தாங்கமாட்டாரு" என்று அழுதாள். டாக்டரும் குடும்பம் சொன்னபடி செய்யுங்கள் என்று விட்டுவிட்டார். மனுஷன் தினமும் காலையில் அக்காவிடம்தான் கேட்பார். "மிஸ்ஸி, தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருவேனா?" அக்காவும், "போவீங்கண்ணே, ஆடு சொல்லி வைங்க" என்பார். பாஸ் பண்ண வைக்கிற அதே குரல்.

அவர் நிஜமாகவே ஆடு சொல்லிவிட்டார். படுத்தபடியே போன் போட்டு, நல்ல கறுப்புக் கிடாயாகப் பார்த்து நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார். ஆட்டுக்காரன் படம் அனுப்பினான். அந்தப் படத்தை வார்டில் பார்க்காத ஆள் இல்லை. சுத்தம் செய்ய வருபவர் பார்த்தார், பெரிய டாக்டர் ரவுண்ட்ஸில் வந்து பார்த்து, கொம்பு நன்றாக இருக்கிறது என்றார். நாங்கள் எவ்வளவு சிரித்தோம் தெரியுமா அந்த ஆட்டை வைத்து!

தீபாவளி வரை அவர் இருக்கவில்லை. கருமாதி முடிந்து, மலர் அந்தக் கிடாயையே வெட்டிச் சமைத்து, எங்களுக்குப் பெரிய பாத்திரத்தில் கொண்டுவந்தாள். மிஸ்ஸிகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று அவர் முன்பே சொல்லி வைத்திருந்தாராம். எல்லாரும் தின்றோம். அக்காவும் தின்று, உப்பு காரம் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். "நீங்க ஒருத்தர்தான் மிஸ்ஸி அவர சந்தோஷமா வச்சிருந்தீங்க" என்று மலர் கும்பிட்டாள். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

எனக்குத் தெரியாததை அக்கா இப்போது, மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவருக்கு ஒரு தம்பி இருந்தாரு, ஷா ஆலத்துல. ரொம்ப வருசமா பேச்சுவார்த்த இல்ல. என்கிட்ட சொன்னாரு, 'தீபாவளிக்கு அவன வரச் சொல்லப் போறேன் மிஸ்ஸி. எலயில கறிய வச்சிட்டா அவனும் பேசிருவான், நானும் பேசிருவேன். இப்ப ஆஸ்பத்திரியில கூப்புட்டா, சாவப் போறேன்னு நெனச்சு பாவப்பட்டு வருவான். அது எனக்கு வேணாம்' அப்படின்னாரு. நான் என்னா சொன்னேன் தெரியுமா? 'ஆமாண்ணே, தீபாவளிக்கே கூப்புடுங்க, அதான் நல்லது'ன்னேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அந்தத் தம்பி வந்தாரு. மார்ச்சுவரிக்கு. என்கிட்ட வந்து, 'அண்ணன் என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா மிஸ்ஸி'ன்னு கேட்டாரு. எனக்கு வாயே வரல. நான்தான் தீபாவளி வரைக்கும் தள்ளிப்போடச் சொன்னேன்னு எப்புடி சொல்றது? அந்த ஆட்டுக்கறிய நான் தின்னேன் ரமணி. ருசியா இருக்குன்னு வேற சொன்னேன்."

எனக்கு அழுகை வந்தது, அழுதேன், கடைக்காரப் பையன் பார்த்தால் பார்க்கட்டும் என்று.

அக்கா பேனாவை எடுத்து, 'எத்தனை தடவை' கட்டத்தில் நாலு போட்டார். 'எவ்வளவு வாட்டியது' கட்டத்திலும் நாலு. யாரும் சொல்லாமல், ரோஸ்டர் இல்லாமல் அவர் போட்ட முதல் மார்க் அதுதான்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் எழுதினோம், அவரவர் தனியாக. மூன்றாம் நாள் விஷ்ணுப்ரியா பேன்ட்ரிக்குள் ஓடிவந்தாள், கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு.

"ஒத்துப்போவுதுக்கா! முப்பது பேரும் ரெண்டு தடவையும் கிட்டத்தட்ட அப்படியே போட்டிருக்காங்க. பேராசிரியர் கையக் குடுத்தாரு. இங்க பாருங்க, உங்களுது ஒரு நம்பர்கூட மாறல!"

அக்கா கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். "எப்புடி மாறும்? அவரு போனது போனதுதானே. தம்பி வந்தது வந்ததுதானே. ரெண்டு வாரத்துல அது எங்க போவும்?"

விஷ்ணுப்ரியாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. எதற்காகத் துள்ளிக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது போலும். கம்ப்யூட்டரை மெல்ல மூடினாள்.

"பாஸா இல்லியா, அத சொல்லு மொதல்ல" என்றார் அக்கா.

"பாஸ்க்கா."

"அப்பறம் ஏன் மூஞ்சிய தூக்கி வச்சிருக்க? கறிபப் எங்க?"

அதற்குள் கவுண்டரில் யாரோ கூப்பிட்டார்கள். புதிதாக வந்த நோயாளியின் மகள், இருபத்தைந்து வயது இருக்கும், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மிஸ்ஸி, டாக்டர் சொன்னத அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க, ப்ளீஸ்" என்றாள்.

இந்த இடத்தில் அக்கா "சரிம்மா" என்பார். முப்பது வருடமாக அப்படித்தான் சொல்லியிருக்கிறார். அன்று அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்தப் பெண்ணை உட்கார வைத்தார்.

"மொதல்ல இத சொல்லும்மா" என்றார். "அப்பாகூட பேசாம இருக்குறவங்க யாராச்சும் இருக்காங்களா?"